சாகசம் எண்டா அடிதடி மட்டும்தானா? அனிமே பரிந்துரைக்கிற எங்கட ஆக்களுக்குச் சில வார்த்தை

மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரைக்கும் அனிமே பார்க்கிற எந்தப் பொடியனிடமும் கேட்டுப் பாருங்கள்: "மச்சான், நல்ல சாகச அனிமே ஒண்டு சொல்லு." பதில் மூன்று வகையில்தான் வரும். முதலாவது, "ஒன் பீஸ் பாரு. அது பாக்கல்லண்டா நீ அனிமேயே பாக்கல்ல." இரண்டாவது, யாருக்கும் யாருக்கும் சண்டை வந்தால் யார் வெல்லுவார் என்கிற பலப் பட்டியல். மூன்றாவது, எங்கோ இருக்கிற ஒருத்தர் யூடியூப்பில் போட்ட 'டொப் டென்'. அதை ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வட்ஸ்அப் குழுவில் தட்டிவிட்டால் கடமை முடிந்தது. கேட்டவனுக்கு வயசு என்ன, என்ன மனநிலையில் கேட்கிறான், எவ்வளவு நேரம் இருக்கிறது, எதைத் தேடுகிறான் என்று ஒருத்தரும் விசாரிக்கமாட்டார்கள்.

இந்தப் பழக்கத்துக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறோம். பரிந்துரை என்பது உங்கட ரசனையை அடுத்தவன்மேல் குத்துகிற முத்திரை இல்லை. ஒருத்தரின் பத்து, இருபது, நானூறு மணித்தியாலத்தை நீங்கள் கேட்டு வாங்குகிறீர்கள். வாங்குகிறவருக்குப் பொறுப்பு இருக்கவேண்டும். சாகசக் கதை என்றால் அந்தப் பொறுப்பு இன்னும் கூட, ஏனென்றால் சாகசம் என்கிற சொல்லுக்கு எங்கட கரையில் வேறு ஒரு கனம் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். சாகசக் கதையின் எலும்பு எது? ஒருத்தர் வீட்டை விட்டுப் போகிறார். வழியில் ஆட்களைச் சந்திக்கிறார், எதையோ இழக்கிறார். திரும்பி வருகிறார், அல்லது வராமலே போகிறார். சண்டை, மந்திரம், வாள் எல்லாம் இந்த எலும்பில் ஒட்டின சதை. சிந்துபாத்தின் ஆறாவது பயணம் அவனைச் செரண்டிபில் கொண்டுவந்து விட்டது. அது எங்கட தீவின் பழைய பெயர். இப்னு பதூதா 1344இல் இங்கே வந்து பாவா ஆதம் மலை ஏறிவிட்டுப் போனார். அந்தக் கதைகளில் நாங்கள் பயணி வந்து இறங்குகிற கரை. இப்போது பயணிகள் எங்கட வீட்டுக்குள்ளிருந்தே கிளம்புகிறார்கள். கட்டாருக்குப் போன வாப்பா, குவைத்துக்குப் போன உம்மா, பல நாள் கடலில் கிடக்கிற காக்கா என்று இங்கே எத்தனையோ வீட்டில் போன ஆள் ஒருத்தர் உண்டு. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, கடல் வந்து எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

ஆகவே ஒரு சாகச அனிமேயை யாருக்காவது சொல்லுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள் என்கிறோம். இவன் ஏன் போகிறான்? போகிற வழியில் யார் விலை கொடுக்கிறார்கள்? திரும்பி வருவதற்கு அவனுக்கு வீடு மிஞ்சி இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் சொல்லுகிற கதைகளைத்தான் கீழே பரிந்துரைக்கிறோம். கூடவே, பழக்கமான சில பரிந்துரைகளோடு சண்டையும் பிடிக்கிறோம்.

நாலு நூறு மணித்தியாலம் யாரிட்ட இரிக்கி?

ஒன் பீஸில் இருந்தே தொடங்குவோம். 1997இல் எய்ச்சிரோ ஓடா மங்காவாக ஆரம்பித்தார். 1999 ஒக்டோபரில் அனிமே வந்தது. எபிசோட் 1100ஐத் தாண்டிவிட்டது. ஒரு எபிசோட் ஏறத்தாழ 24 நிமிஷம் என்று பார்த்தால் 440 மணித்தியாலம். நாளைக்கு இரண்டு எபிசோட் என்று வைத்தாலும் ஒன்றரை வருஷம். ஏ.எல். பரீட்சைக்கு இருக்கிற ஒரு பிள்ளையிடம் போய், "முதல் முந்நூறு எபிசோட்டைப் பொறுத்துக்கொண்டு பாரு, அதுக்குப் பிறகு வேற லெவல்" என்று சொல்லுகிறவர்களைப் பார்த்தால் எங்களுக்குக் கோபம்தான் வருகிறது. முந்நூறு எபிசோட்டைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லுகிற பரிந்துரை, பரிந்துரையே இல்லை. அது தவணைக் கடன்.

எங்கட பரிந்துரை இது: எபிசோட் 44 வரைக்கும் பாருங்கள். ஆர்லோங் பார்க் கதை அங்கே முடிகிறது. நாமியின் ஊரில் ஒரு ஆள் உயிரோடு இருப்பதற்கே மாதாமாதம் கப்பம் கட்டவேண்டும். பெரியவருக்கு ஒரு இலட்சம் பெரி, பிள்ளைக்கு ஐம்பதாயிரம். வளர்த்த தாயிடம் இருந்த காசு, இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும்தான் போதும். அந்தப் பெண் என்ன முடிவெடுத்தாள் என்பதையும், ஊரை விலைக்கு வாங்குவதற்காக நாமி எத்தனை வருஷம் ஊராருக்கே துரோகிபோல நடித்தாள் என்பதையும் பாருங்கள். அது மனதைத் தொட்டால் மேலே போங்கள். தொடவில்லையா, நிறுத்துங்கள். நீங்கள் குறைந்த ரசிகர் ஆகிவிடமாட்டீர்கள். 44 எபிசோட் பார்த்து நிறுத்தினவர், 1100 எபிசோட்டை ஓடவிட்டுக்கொண்டு ஃபோனில் வேறு வேலை பார்த்தவரைவிட நல்ல பார்வையாளர்.

போனவனுக்குக் கைதட்டு, இருந்தவளுக்கு?

ஹன்டர் ஹன்டர், 2011இல் தொடங்கின பதிப்பு, 148 எபிசோட். கோன் என்ற பொடியன் திமிங்கிலத் தீவிலிருந்து தகப்பன் ஜிங்கைத் தேடிப் புறப்படுகிறான். ஜிங் மகனைக் குழந்தையிலேயே விட்டுவிட்டு ஹன்டர் தொழிலோடு போன ஆள். எங்கட ஆக்கள் இந்தத் தொடரைப் பற்றிப் பேசினால் இரண்டே விஷயம்தான்: நென் சக்தி எப்படி வேலை செய்கிறது, ஜிங் எவ்வளவு பெரிய ஆள். மிட்டோ என்ற பெயரையே ஒருத்தரும் எடுக்கமாட்டார்கள். கோனை வளர்த்தவள் அவள்தான். ஜிங்கின் மச்சினி முறை. தகப்பன் விட்டுப்போன பிள்ளையைத் தன்ட பிள்ளையாக வளர்த்து, அதே பிள்ளை அதே தகப்பனைத் தேடிப் போகும்போது வழியனுப்பி வைக்கிறவள்.

இந்தத் தொடரைக் கட்டாயம் பரிந்துரைக்கிறோம், ஆனால் மிட்டோவின் பக்கம் இருந்து. வெளிநாட்டில் இருக்கிற வாப்பாவின் குரலை ஃபோனில் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இருக்கிற ஊரில், தகப்பனைத் தேடுகிற கதை சும்மா ஒரு கதை இல்லை. எங்கட வாப்பாமார் ஜிங்போல விளையாட்டுக்குப் போகவில்லை, வயிற்றுக்குப் போனார்கள் என்ற வித்தியாசமும் பேசவேண்டிய ஒன்று. பழிவாங்கப் புறப்பட்ட கோன், கடைசியில் தன் உடம்பையே விலையாகக் கொடுக்கிற இடம் வரும்போது "செம ஃபைட்" என்று ஸ்டேட்டஸ் போடுகிறவர்களுக்கு ஒரு கேள்வி: அந்தக் காட்சியில் அழுகிற கில்லுவாவை நீங்கள் காணவே இல்லையா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2019இல் இலங்கையும் ஜப்பானும் தொழிலாளர் தொடர்பாக உடன்பாடு செய்த பிறகு, ஜப்பான் மொழி படிக்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அந்த வழியில் வேலைக்குப் போக என்.4 மட்டமாவது தேறவேண்டும். அனிமே பார்த்த காதுக்கு அந்த மொழி கொஞ்சம் இலேசு என்பது உண்மை. ஆனால் லூஃபி கப்பலில் பேசுகிற மாதிரி முதியோர் இல்லத்தில் மேலாளரிடம் பேச முடியாது. சாகசக் கதையைப் பயண ஏஜென்ஸியின் விளம்பரமாக்கி அடுத்தவனுக்குக் கொடுக்காதீர்கள்.

வேளாண்மை போரிங்காம்!

இந்தக் கட்டுரையை எழுதவைத்ததே இந்த ஒரு வசனம்தான்: "வின்லாண்ட் சாகா சீசன் ஒண்டு மட்டும் பாரு மச்சான். ரெண்டு முழுக்க விவசாயம், போரிங்."

அம்பாறை மாவட்டத்துப் பிள்ளைகளா இதைச் சொல்லுகிறீர்கள்? சம்மாந்துறை வட்டையில் வேளாண்மை வெட்டுகிற காலத்தைக் கண்டு வளர்ந்தவர்களா?

மகோட்டோ யுகிமுரா 2005இல் தொடங்கிய மங்கா அது. அனிமே 2019இல் 24 எபிசோட், 2023இல் இன்னும் 24. முதல் சீசனில் தோர்ஃபின் தகப்பனைக் கொன்றவனையே வருஷக்கணக்கில் பின்தொடர்கிறான், பழிவாங்குவதற்காக. அந்தப் பயணத்தில் அவனே எத்தனையோ பேரின் தகப்பனைக் கொல்லுகிறான். கடைசியில் பழிவாங்க வேண்டிய ஆளை வேறொருத்தன் கொன்றுவிட, இவனுக்கு வாழ்வதற்கு ஒரு காரணமும் மிஞ்சவில்லை. இரண்டாவது சீசனில் அவன் அடிமை. கெட்டில் என்ற ஒரு போடியாரின் காணியில், ஐனார் என்ற இன்னொரு அடிமையோடு சேர்ந்து காடு வெட்டுகிறான், வேர் பிடுங்குகிறான், குதிரை இரவல் வாங்கி உழுகிறான், கோதுமை விதைக்கிறான். முளைத்த பயிரைப் பொறாமைக்காரர்கள் இரவோடு இரவாகப் பிடுங்கி எறிகிறார்கள். இரவில் தூக்கத்தில் அவன் கொன்றவர்கள் வருகிறார்கள். பிறகு ஒரு நாள், ஒரு முரடனின் அடியை ஒன்றொன்றாக வாங்கிக்கொண்டு நிற்கிறான், திருப்பி அடிக்கமாட்டேன் என்று. தனக்கு எதிரி என்று யாரும் இல்லை என்கிறான்.

இதுதான் தொடரின் உயிர். முதல் சீசனோடு நிறுத்தச் சொல்லுகிறவன், பழிவாங்கலைத்தான் சாகசம் என்று விற்கிறான். 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியும். அந்த வீட்டுக்குள் பிள்ளைகளும் செத்துப்போனார்கள். யாரோ சிலர் அழிவை ஒரு பெரும் பயணம்போல ஆக்கி ஆட்களுக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரு அனிமே அதைத் தடுத்திருக்கும் என்று நாங்கள் பேசமாட்டோம், அது மடத்தனம். ஆனால் பழிவாங்கப் போகிறவனுக்குக் கடைசியில் என்ன மிஞ்சும் என்பதை 48 எபிசோட்டில் பொறுமையாகக் காட்டுகிற ஒரு கதை கையில் இருக்கும்போது, அதன் பாதியை வெட்டி எறிந்துவிட்டு 'ஃபைட்' பாதியை மட்டும் தம்பிமாருக்குக் கொடுப்பது சின்ன விஷயம் இல்லை. சீசன் இரண்டைப் பாருங்கள். வயலைத் தெரிந்தவருக்கு அது போரடிக்காது.

எதிரி யார் என்று சொல்லித் தருகிற கதைகள்

ஃப்ரீரென் பற்றி எங்கட குழுவுக்குள்ளேயே வாக்குவாதம். 2023–24இல் வந்த முதல் சீசன் 28 எபிசோட், மட்ஹவுஸ் செய்தது. சாகசம் முடிந்த பிறகு தொடங்குகிற சாகசம் அது. பத்து வருஷம் ஒன்றாகப் பயணம் போன ஹிம்மெல், ஐம்பது வருஷத்துக்குப் பிறகு செத்துப்போகிறான். சாகாவரம் மாதிரி ஆயுள் உள்ள ஃப்ரீரென், கூட இருந்த காலத்தில் அவனைத் தெரிந்துகொள்ள முயலவே இல்லையே என்று அடக்கத்தின்போதுதான் அழுகிறாள். மையித்து வீட்டில் இருந்த யாருக்கும் அந்த அழுகை தெரியும். சண்டை பிடிக்காதவர்களுக்கு, பெரியவர்களுக்கு, அனிமே என்றாலே முகம் சுளிக்கிறவர்களுக்கு முதலில் கொடுக்கவேண்டிய தொடர் இது.

ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு பாருங்கள். அதில் வருகிற அரக்கர் இனம் மனிதரைப்போலப் பேசும், சிரிக்கும், அம்மா என்று அழும். எல்லாமே ஏமாற்று, ஒருத்தரையும் நம்பக்கூடாது, இரக்கப்பட்ட ஊர்த் தலைவரே செத்துப்போகிறார். கதைக்குள் இது விதியாக இருக்கலாம். நாங்கள் அதை வெளியே இருந்து கேட்டிருக்கிறோம். 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில், முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற வதந்தியில் கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். பரிசோதித்தபோது அது வெறும் மாக்கட்டி. "சிரிச்சிக்கிட்டே சாப்பாடு தருவான், உள்ளுக்குள்ள வேற" என்பதுதான் அந்த வதந்தியின் தர்க்கம். ஒரு இனம் முழுக்க நடிக்கிறது என்று நம்பவைக்கிற கதையை எங்கட பிள்ளைகள் கேள்வி இல்லாமல் விழுங்கக்கூடாது.

அதற்கு மருந்தும் அனிமேயிலேயே இருக்கிறது. ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட், 2009–10, 64 எபிசோட். எட்வர்டும் அல்ஃபோன்ஸும் திரும்பி வர வழி இருக்கக்கூடாது என்று தங்கட வீட்டையே கொளுத்திவிட்டுப் புறப்படுகிறார்கள். வழியில் அவர்கள் தெரிந்துகொள்வது ஈஷ்வால் என்ற இனத்தை அவர்களுடைய அரசே அழித்த கதை. உயிர்தப்பிய ஒருத்தன் பழிவாங்கக் கிளம்புகிறான். அவன் கொன்றவர்களில், ஈஷ்வால்காரருக்கே மருந்து கட்டிக்கொண்டிருந்த இரண்டு டொக்டர்மாரும் இருக்கிறார்கள். அவர்களின் மகள் வின்றி ஒரு நாள் கையில் துவக்கோடு அவன் முன்னால் நிற்கிறாள். அவள் சுடவில்லை. பிறகு ஒரு நாள் அவனுடைய காயத்துக்கே கட்டுப்போடுகிறாள். மன்னித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை. அழிப்பில் பங்கெடுத்த இராணுவ அதிகாரிகள், நாட்டைத் திருத்தினால் எங்களையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றட்டும் என்று தெரிந்தே வேலை செய்கிறார்கள். அப்படிச் சொன்ன அதிகாரிகளை எங்கட நாட்டில் எத்தனை பேரைக் கண்டிருக்கிறோம்? 1990ஐப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துகிற முஸ்லிம் வீடும் தமிழ் வீடும் கல்முனையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து பார்க்கவேண்டிய தொடர் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், இதைத்தான் சொல்லுவோம்.

கடனில் மூழ்கின பட்டணம்

மேகி என்று 2012இல் வந்த தொடர், முதல் சீசன் 25 எபிசோட். அலாதீன், அலிபாபா, மோர்ஜியானா என்று ஆயிரத்தொரு இரவுகளின் பெயர்களைச் சுமந்து வருகிறது. "சின்னப் பிள்ளைக்கதை" என்று ஒதுக்குகிறார்கள். பல்பாத் என்ற துறைமுகப் பட்டணத்தின் கதை வரும் வரைக்கும் பொறுங்கள். ஊதாரி அரசன், வெளியிலிருந்து வந்த வங்கிக்காரன், பெறுமதி விழுந்த கடதாசிக் காசு, கடைசியில் கடனுக்குப் பதிலாகக் குடிமக்களையே அடகு வைக்கிற ஒப்பந்தம். 2022 ஏப்ரலில் இந்த நாடு கடனைக் கட்ட ஏலாது என்று அறிவித்ததையும், பெற்றோலுக்கும் கேஸுக்கும் நின்ற வரிசையையும் கண்டவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அலிபாபா அரண்மனைக்குள் போய் அரசனை மாற்றவில்லை, அரசாட்சியையே முடித்து வைக்கிறான். பெண் பாத்திரங்கள் சிலரின் உடை வீட்டில் எல்லாரோடும் இருந்து பார்க்கத் தோதில்லை என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

ராத்தாவுக்கு எதைச் சொன்னீங்க?

தங்கச்சியோ ராத்தாவோ கேட்டால் உடனே காதல் அனிமே ஒன்றைச் சொல்லி அனுப்புகிற பழக்கத்தை எப்போது விடப்போகிறீர்கள்? சாகசம் பொடியன்மாருக்கு எண்டு யார் பட்டா எழுதினது? மேலே சொன்னவற்றில் ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்டை எழுதின ஹிரோமு அரக்காவா ஒரு பெண், ஹொக்கைடோவில் பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். ஆண் பெயர்போலத் தோன்றும்படி புனைபெயர் வைத்துக்கொண்டார். மேகியை எழுதின ஷினோபு ஓத்தாக்காவும் பெண். நீங்கள் கைதட்டின சண்டைகளை வரைந்தது யார் என்று கொஞ்சம் தேடிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

மொரிபிட்டோ, 2007, 26 எபிசோட். எங்கட பட்டியலில் ஆகக் குறைவாகப் பேசப்பட்டதும், ஆகக் கட்டாயமானதும் இதுதான். நாயகி பல்சாவுக்கு முப்பது வயசு, தொழில் மெய்க்காவல், ஆயுதம் ஈட்டி. ஒரு காலத்தில் அவளைக் காப்பாற்றுவதற்காக எட்டுப் பேர் செத்துப்போனார்கள். பதிலுக்கு எட்டு உயிரைக் காப்பாற்றுவேன் என்று நடக்கிறாள். தகப்பனே கொல்ல நினைக்கிற இளவரசன் சக்குமைக் கூட்டிக்கொண்டு ஒளிந்து வாழ்கிறாள். சண்டை குறைவு. சோறு ஆக்குவது, சந்தைக்குப் போவது, காயத்துக்கு மருந்து கட்டுவது கூட. வரட்சி வரப்போகிறதா என்பதற்கான விடை அரண்மனையின் சரித்திரப் புத்தகத்தில் இல்லை, அந்த மண்ணின் பழங்குடியின் வாய்க்கதையில் இருக்கிறது. அரசு எழுதின சரித்திரத்துக்கும் ஊர்க் கிழவி சொன்ன கதைக்கும் இடையில் எது உண்மை என்ற கேள்வி எங்களுக்குப் புதிதா? எழுதின நஹோகோ உவேஹாஷி ஒரு மானிடவியலாளர். 2014இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சன் விருது பெற்றவர்.

முன்கூட்டியே சொல்லவேண்டியதைச் சொல்லுங்கள்

ஹயாவோ மியாசாக்கி 1978இல் என்.எச்.கே. தொலைக்காட்சிக்குச் செய்த ஃபியூச்சர் போய் கோனன், 26 எபிசோட். பெரும் யுத்தத்தில் கண்டங்கள் மூழ்கின பிறகு, ஒரு சின்னத் தீவில் தாத்தாவோடு வளர்கிற பொடியன் கடலில் இறங்கிப் போகிற கதை. பத்து வயசுப் பிள்ளையும் அறுபது வயசுப் பெரியப்பாவும் ஒன்றாகச் சிரித்துப் பார்க்கலாம். ஆனால் அதில் சுனாமி வருகிற பகுதி இருக்கிறது. இந்தக் கரையில் அதைச் சொல்லாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். 2022இல் வந்த சுசுமே படத்தில் நிலநடுக்க எச்சரிக்கை ஒலி வருகிறது என்று ஜப்பானில் படக்குழுவினரே பார்வையாளருக்கு முன்கூட்டி அறிவித்தார்கள். 2011ஐக் கண்ட நாடு அது. "ஸ்பொய்லர் சொல்லாதே" என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு: ஒரு உம்மாவின் தூக்கம் உங்கட ஸ்பொய்லரைவிடப் பெரிசு.

அதேபோல மேட் இன் அபிஸ். 2017, முதல் சீசன் 13 எபிசோட். படம் பார்த்தால் கன்னம் உப்பின பிள்ளைகள், பச்சைப் பசேல் என்ற பள்ளத்தாக்கு. "கியூட்டா இரிக்கி" என்று பன்னிரண்டு வயசுத் தம்பிக்கு அனுப்புகிறார்கள். உள்ளே பிள்ளைகளின் உடம்பைச் சிதைக்கிற சித்திரவதையும், அதே பிள்ளைகளைப் பார்க்கக் கூடாத விதமாகப் பார்க்கிற கமராவும் இருக்கின்றன. கலை என்று எத்தனை பேர் வாதாடினாலும் எங்கட பட்டியலில் அதற்கு இடமில்லை.

டப் பார்க்கிறவனும் ரசிகன்தான்

"தமிழ் டப்பா? சீ, சப்போட பாரு." இதைச் சொல்லுகிறவர் யார்? ஆங்கிலம் ஓரளவு ஓடுகிற வீட்டில் வளர்ந்தவர். சப்டைட்டில் வாசித்து முடிக்கிறதுக்குள் காட்சி மாறிவிடுகிற பிள்ளைக்கு அந்தக் கதவு மூடியே கிடக்கும். சிங்களப் பிள்ளைகளுக்கு டைட்டஸ் தொட்டவத்த ரூபவாஹினியில் கார்ட்டூன்களைச் சிங்களமாகவே பேசவைத்தார். அங்கே பக்ஸ் பன்னிக்கே ஊர்ப் பெயர் கிடைத்தது. எங்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைத்ததா? இந்தியாவில் 2022இல் சோனி யே நரூட்டோவைத் தமிழில் போட்டது. 2025 செப்டம்பரில் டீமன் ஸ்லேயர் படம் அங்கே தமிழிலும் தியேட்டருக்கு வந்தது. அந்தத் தமிழ் சென்னைத் தமிழ், எங்கட வாய்க்கு ஒட்டாது, உண்மைதான். அப்போ எங்கட தமிழில் குரல் கொடுக்க ஆள் சேருங்கள், நக்கலடித்து ஆளைத் துரத்தாதீர்கள்.

'கார்ட்டூன்தானே' என்கிற பெரியவர்களுக்கும் ஒரு சொல்

நீங்கள் அம்புலிமாமா வாசித்தீர்கள். 1972இல் தொடங்கின முத்து கொமிக்ஸில் இரும்புக்கை மாயாவியைக் கைமாற்றிக் கைமாற்றி வாசித்தீர்கள். அப்போது உங்கட வாப்பாவும் "படிக்கிற வேலையப் பாரு" என்றுதான் சொல்லியிருப்பார். கதைக்குக் கொம்பு முளைக்கவில்லை, ஆட்கள்தான் மாறியிருக்கிறார்கள்.

கார்ட்டூன் வெறும் கார்ட்டூன் என்றால், 2025 ஆகஸ்டில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவில், சுதந்திர தினத்துக்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒன் பீஸ் வைக்கோல் தொப்பிக் கொடியை லொறிக்காரர்கள் ஏன் கட்டினார்கள்? அரசியல்வாதிகள் ஏன் பயந்தார்கள்? அடுத்த மாதமே நேபாளத்தில், எரிகிற சிங்க தர்பாரின் வாசலில் அதே கொடி ஏன் தொங்கியது? மடகாஸ்கரில் அந்தத் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தங்கட ஊர்த் தொப்பியை ஏன் வரைந்தார்கள்? கதைகள் என்ன செய்யும் என்பதை அந்தப் பிள்ளைகள் தெரிந்து வைத்திருந்தார்கள். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. தீயும் மரணமும் அங்கே இருந்தன. ஆனால் கொடியாக எதைத் தூக்குகிறோம் என்று தெரிந்திருக்கவேண்டுமானால், கதையை ஒழுங்காகப் பார்த்திருக்கவேண்டும்.

ஆகவே எங்கட ஆக்களே, அடுத்த தடவை ஒருத்தர் கேட்டால் பட்டியலை அனுப்பாதீர்கள். இரண்டு கேள்வி கேளுங்கள்: எவ்வளவு நேரம் இருக்கு, மனசு எப்படி இருக்கு. நேரமில்லாதவருக்கு மொரிபிட்டோ. கோபத்தோடு இருக்கிறவருக்கு வின்லாண்ட் சாகா, இரண்டு சீசனும். ஒருத்தரை அடக்கிவிட்டு வந்தவருக்கு ஃப்ரீரென். பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பொடியனோடு சேர்ந்து பார்க்க ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட். வீடு முழுக்க இருந்து பார்க்கக் கோனன், சுனாமிப் பகுதியைச் சொல்லிவிட்டு. ஒத்துவரவில்லையா, உங்கட பட்டியலோடு வாருங்கள். காரணத்தோடு வந்தால் விடிய விடியச் சண்டை பிடிக்கவும் நாங்கள் தயார்.